வீடு சேரும் அட்டவணை

உலோகப் பகடை வாங்கவே கூடாது. இதை நான் எழுதிப் பல வருஷம் ஆயிற்று, ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்தால் கனம் இருக்கிறது, சரி, பட்டுத்துணிப் பையிலிருந்து கொட்டும்போது பார்க்க ஜோராகவும் இருக்கிறது, ஆனால் உருட்டினால் மேசையில் பள்ளம் விழுகிறது, அப்புறம் அந்த வீட்டம்மா அடுத்த ஞாயிறு நம்மை வாசலோடு அனுப்பிவிடுவாள். பகடை என்றால் எண் தெளிவாகத் தெரிய வேண்டும், எந்த முகத்திலும் சாய்வு இருக்கக் கூடாது, கட்டிலுக்கடியில் தொலைந்தால் மனசு வலிக்கக் கூடாது. அவ்வளவுதான். சிங்காநல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து நான் இதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன், யோசிக்க வேண்டியது இதை இல்லை. வடவள்ளி போய்ச் சேர்வதற்குள் கிளமெண்டிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பதை ஒரு வாக்கியமாகவாவது ஆக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக் காலை அவன் எழுதிய புத்தகம் சிவகாசிக்கு அச்சுக்குப் போகிறது, அதில் ஒரு வரி இருக்கிறது, அந்த வரி அப்படியே போகக் கூடாது, போக விடப் போவதில்லை. இதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது. இதற்கப்புறம் வாயைத் திறந்தால் ஜெரால்டு பேர் வந்துவிடும், வந்தவுடன் கிளமெண்ட் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான், மூன்று வருஷமாக அப்படித்தான். அதனால்தான் மனசு நைசாக நழுவி உலோகப் பகடையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுந்திரு மங்கை. மங்கையர்க்கரசி என்று முழுப்பேர் சொல்லி எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மடியில் அந்தப் புத்தகத்தின் படி, ஜெராக்ஸ் எடுத்துச் சுருள்கம்பி போட்டது. அட்டையில் மலை, கணவாய், கழுதை மேல் மூட்டை. பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருக்கிற அம்மா ரொம்ப நேரமாக எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, இதென்னங்கம்மிணி பேய்க்கதைங்களா என்று கேட்டார். விளையாட்டுங்க, என்றேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதைக்குள் போவோம், ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம், பூதம் வந்தால் ஓடுவதா அடிப்பதா என்று நாங்கள் சொல்வோம், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும், கதை நடக்கிற ஊர், காடு, அங்கே என்னவெல்லாம் நேரலாம் என்ற அட்டவணைகள், எல்லாம் இந்த மாதிரிப் புத்தகத்தில் இருக்கும், இதற்குத் துணைநூல் என்று பேர், என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அந்த அம்மா என் தலையில் இருக்கிற நரையைப் பார்த்துவிட்டு, நல்லதுங்க, என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பழகிவிட்டது. பகலில் பம்ப் கம்பெனியில் வார்ப்படங்களைத் தட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவைப்பது என் வேலை, மற்ற நேரத்தில் இந்த விளையாட்டுச் சாமான்களுக்கும் துணைநூல்களுக்கும் அதே சிவப்பை அடிப்பேன், இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் உண்டு, அதைப் படிப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள், நின்றுகொண்டு வருபவர்களையும் சேர்த்து. ஆனாலும் அந்த ஒரு பஸ் கூட்டம் நான் சொன்னால் நம்பும். பகடையைப் போட்டால் உள்ளே உருண்டு கீழே வந்து விழுகிற மரக் கோபுரம் ஒன்று விற்கிறார்கள், கை இருக்கிறவனுக்குக் கோபுரம் எதற்கு என்று கேட்டேன், வாங்குவதை நிறுத்தினார்கள். காட்டு வாசனை என்று ஒரு மெழுகுவர்த்தி வந்தது, ஏற்றி வைத்தால் ஜவுளிக்கடையில் துணி போட்டுப் பார்க்கிற அறை வாசனை, அதையும் எழுதினேன். கதை நடத்துகிறவர் தன் முன்னால் நிறுத்திக்கொள்ளும் அட்டைத் தடுப்பை மட்டும் நான் திட்டுவதில்லை, திட்டத் தோன்றும், ஒளித்துவைக்க என்ன இருக்கிறது என்று, ஆனால் கிளமெண்ட் ஆட்டம் நடத்தும்போது அந்தத் தடுப்புக்கு மேலே அவன் கண் மட்டும் தெரியும், எங்கள் பாத்திரங்களுக்கு ஏதாவது கெட்டது நடக்கப் போகிறது என்றால் கண்ணிலேயே முதலில் தெரிந்துவிடும், ஜெரால்டு அதைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குக் கண்ணு சுருங்குது, எல்லாரும் கேடயத்த எடுங்க என்பான்.

வந்துவிட்டதா, பேர். பஸ் ராமநாதபுரம் சிக்னலில் நிற்கிறது. நிற்கட்டும். துணைநூல் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் ஒரே பதில்தான் சொல்வேன், முன்னுரையைப் படிக்காதீர்கள், படங்களைப் பார்த்து மயங்காதீர்கள், நேராக அட்டவணைக்குப் போங்கள். எழுதியவன் மனசு அங்கேதான் இருக்கும். பத்துத் தலைமுறை ராஜாக்கள் கதையை வளைத்து வளைத்து எழுதியிருப்பான், ஒரு கயிறு என்ன விலை என்று எங்கேயும் இருக்காது, கிணற்றில் விழுந்தவனை ராஜாவின் பாட்டனை வைத்தா தூக்குவது? வெளிநாட்டுப் புத்தகங்களில் எந்தச் சத்திரத்துக்குப் போனாலும் மாட்டுக்கறிக் குழம்பும் நுரை பொங்கும் கள்ளும்தான், பாலைவனமானாலும் பனிமலையானாலும் அதே குழம்பு. கிளமெண்ட் புத்தகத்தில் சத்திரத்தில் கொள்ளுப் பருப்பும் களியும் இருக்கிறது. கணவாயில் காற்று திரும்புகிற பருவம் இருக்கிறது, கழுதைக்கு லாடம் கழன்றால் எத்தனை நேரம் தாமதம் என்று இருக்கிறது, பூதங்கள் கூட கூலி பேசித்தான் மிரட்டுகின்றன. படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, மூன்று வருஷமாக வாய் திறக்காத ஆள் இத்தனையும் உள்ளே வைத்திருந்தானா என்று கோபமாகவும் இருந்தது. கொடுக்கும்போது, நல்லா இருக்குன்னு சொல்ல நெறையப் பேர் இருக்காங்க, நீ தப்பு இருந்தா மட்டும் சொல்லு என்றான். தப்பு இருந்தால் மட்டும். அதற்குத்தான் என்னைத் தேடி வந்திருக்கிறான். நானும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன், ஒன்றுமே அகப்படவில்லை, கடைசி அத்தியாயம் வரைக்கும்.

கடைசி அத்தியாயத்துக்குத் திரும்பும் வழி என்று பேர். அது எங்கள் வழக்கம், வேறு எந்த மேசையிலும் நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் புதையல் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள், நாங்கள் மூட மாட்டோம், புதையலோடு பாத்திரங்கள் வீடு வந்து சேர வேண்டும், வழியில் என்ன ஆயிற்று என்று இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுவோம். ஆரம்பித்தவன் ஜெரால்டு, கிளமெண்டின் தம்பி. எல்லோரும் வாளும் மந்திரமுமாக வேடம் எடுக்கும்போது அவன் மட்டும் எப்போதும் மூட்டை தூக்கி, கழுதைக்காரன், உப்பு விற்கிறவன். வீட்ல கொண்டுபோய்ச் சேக்காம என்னங்க்கா கதை, பொண்டாட்டி புள்ள பாத்துட்டு இருக்காதா என்பான், கல்யாணமே ஆகாதவன். நாங்கள் சிரிப்போம், உருட்டுவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குகையிலிருந்து புதையலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம், ஜன்னல் வழியாகப் பார்த்தால் மருதமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது, ஜெரால்டு பைக்கில் திருப்பூர் போக வேண்டும், அங்கே பனியன் கம்பெனியில் வேலை, அங்கேயே ரூம். உருட்டல் அடுத்த வாரம் பாத்துக்கலாம், மழைக்கு முந்தி கெளம்புடா என்றான் கிளமெண்ட். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மழை அவனைக் கருமத்தம்பட்டிக்கு முன்னால் பிடித்தது. வண்டி வழுக்கியது. எதிரே யாரும் இல்லை, யார் தப்பும் இல்லை, ரோடும் தண்ணீரும்தான். அதற்கப்புறம் அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. நான் ராத்திரி படுக்கும்போது சில நாள் நினைத்துக்கொள்வேன், எங்கள் பாத்திரங்கள் இன்னும் அந்தக் குகை வாசலிலேயே மூட்டையோடு நிற்கின்றன, வீட்டுக்குப் போகச் சொல்லி ஒருவரும் பகடை உருட்டவில்லை என்று. பைத்தியக்காரத்தனம். காகிதத்தில் எழுதிய பேர்கள். இருந்தாலும் நிற்கின்றன.

முருங்கைக்காய் அம்மா இறங்கிவிட்டார், ஒரு காய் நழுவி என் காலடியில் கிடக்கிறது, குரல் கொடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், புத்தகத்தின் மேல் முருங்கைக்காய், நல்ல லட்சணம். சரி, பக்கத்தைத் திருப்பு, மறுபடி பார், ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேனோ என்னவோ. இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டுங்கள், வந்த எண்களைக் கூட்டுங்கள், அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே உள்ளது நடக்கும். கீழே ஒன்று முதல் இருபது வரை வரிகள். ஒன்றுக்கு நேரே, எதுவும் நடக்கவில்லை, விளக்கு வைக்கும் முன் எல்லோரும் வீடு சேர்ந்தார்கள். இரண்டு பகடையைக் கூட்டினால் எப்படி ஒன்று வரும்? ஒன்றும் ஒன்றும் இரண்டு, அதற்குக் கீழே வழியே கிடையாது, எத்தனை ஜென்மம் உட்கார்ந்து உருட்டினாலும் அந்த வரி வராது. புத்தகத்தில் எல்லோரும் பத்திரமாக வீடு சேர்கிற வரி அது ஒன்றுதான். மற்ற வரிகளில் கால் பிசகுகிறது, பாலம் உடைகிறது, மூட்டை களவு போகிறது, யாருக்காவது காய்ச்சல். பதினொன்றுக்கு நேரே, மழை, ஒருவர் பின்தங்குகிறார், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்போது வழியில் அவர் இல்லை. பதினொன்று. இரண்டு பத்துமுகப் பகடையில் அதிகமாக விழுகிற எண் அதுதான், நூறு முறை உருட்டினால் பத்து முறை அதுதான் வரும், எந்த மேசையிலும் எப்போதும் அந்த மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

பூஜ்யம். நேற்று எனக்கு ஒரு நப்பாசை வந்தது. பத்துமுகப் பகடையில் பத்து என்று போட்டிருக்காது, பூஜ்யம் என்றுதான் இருக்கும், அதைச் சிலர் பத்து என்று எடுப்பார்கள், சிலர் பூஜ்யமாகவே எடுப்பார்கள், பூஜ்யமாக எடுத்தால் பூஜ்யமும் ஒன்றும் ஒன்று, வரும், அந்த வரி வரும். எழுந்து உட்கார்ந்து முன்பக்கங்களைப் புரட்டினேன். பூஜ்யத்தைப் பத்து என்று கொள்க, என்று கொட்டை எழுத்தில் போட்டு வைத்திருக்கிறான் மகராசன். அந்தக் கதவையும் சாத்திவிட்டான். தெரியாமல் செய்தானா? பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் இதே மாதிரி மூன்று பகடையைக் கூட்டச் சொல்லிவிட்டு இரண்டிலிருந்து வரிசை போட்டிருந்ததற்கு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தவன், அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வகுப்பில் காட்டியவன். அவனுக்குத் தெரியாதா. தெரிந்தால் ஏன். வீடு சேர்கிற வரியை எழுதி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அச்சடித்து, ஆயிரம் பேர் கையில் கொடுத்து, அவர்கள் உருட்ட உருட்ட வராமலே இருப்பதை ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறானா? அப்படி ஒரு தண்டனையை ஒருத்தன் தனக்கே எழுதிக்கொள்வானா? எழுதிக்கொள்வான். கிளமெண்ட் எழுதிக்கொள்வான். அன்றைக்கு உருட்டியிருந்தால் மட்டும் ரோடு காய்ந்திருக்குமா, மழைக்கும் மேசைக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் மாணவர்களுக்கே பாடம் எடுப்பான், ஆனால் பாடம் ஒரு பக்கம் இருக்கும், இது ஒரு பக்கம் இருக்கும். சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டியது வரிசை எண்ணுக்கு இல்லை, அதை அங்கே வைத்த நினைப்புக்கு. நான் வாயைத் திறந்து அவன் அப்படியே உடைந்து போனால்? புத்தகமே வேண்டாம் என்று தூக்கிப் போட்டால்? போடட்டும். இன்னொரு புத்தகம் எழுதிக்கொள்ளலாம். இது மட்டும் இப்படிப் போகக் கூடாது. இரண்டுக்கு நகர்த்து என்றும் சொல்ல மாட்டேன், இரண்டு வருவது நூற்றில் ஒரு முறை, அது யாருக்குப் பிச்சை? பதினொன்று. பதினொன்றில் வைத்தே ஆக வேண்டும், சண்டை போட்டாவது. இதில் ஒரு கூத்து, நானே எழுதியிருக்கிறேன், மூன்று நாலு தடவை எழுதியிருக்கிறேன், நடுவரிசையில் ஒன்றும் நடக்கவில்லை என்று போடுகிற ஆசிரியர் சோம்பேறி, ஒன்றும் நடக்காமல் எழுந்து போகவா இத்தனை பேர் கூடி உட்கார்ந்தோம் என்று. என் பஸ் கூட்டத்துக்கு அது மனப்பாடம். கிளமெண்டுக்கும்தான்.

லாலி ரோடு தாண்டியாயிற்று, வேளாண் கல்லூரி மரங்கள், வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. வடவள்ளியில் இறங்கி நடக்கிறேன், முருங்கைக்காய் இன்னும் கையில். வாக்கியம் தயாராகவே இல்லை. கதவைத் திறக்கிறான், என் கையைப் பார்க்கிறான், ஏம் மங்க, கறிகா வாங்கிட்டு வந்தியா என்கிறான். மேசையில் கணினி, பக்கத்தில் ஆறிப்போன டீ. உட்காரச் சொல்கிறான். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சத்திரத்துக் களியைப் பாராட்ட ஆரம்பித்துவிடுவேன்.

"ஒண்ணாவது வரி வராது கிளமெண்ட்."

"தெரியும்," என்கிறான். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. நான் கேட்காமலே பேசுகிறான், மெதுவாக, மேசையைப் பார்த்துக்கொண்டு. கணினியில் அடிக்கும்போதே தெரியுமாம். முதலில் அந்த வரியே இல்லாமல்தான் எழுதினானாம், அது இல்லாமல் புத்தகத்தை முடிக்க மனசு வரவில்லை, வருகிற மாதிரி வைக்கவும் கை வரவில்லை. நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும், அதுக்குத்தானோ என்னவோ கொடுத்தேன் என்கிறான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். போகவில்லை.

"நான்தான மங்கை, அன்னைக்கு உருட்ட வேண்டாம்னேன்."

மூன்று வருஷத்தில் முதல் தடவை. இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுகிறது, நீ இல்லை, அது இல்லை, அப்படி எல்லாம் நினைக்காதே. செத்த வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு, அவன் அப்போதே எல்லோரிடமும் கேட்டுச் சலித்திருப்பான். எனக்கு அழுகை வருகிறது. வரட்டும், குரல் மட்டும் நடுங்கக் கூடாது.

"ஆமா, நீதான் சொன்னே. சொன்னது நீ. வழுக்குனது ரோடு. ரெண்டையும் ஒரே வரில எழுதாத."

நான் புத்தகத்தைப் பிரித்து மேசையில் வைத்து, வீடு சேர்கிற வரியைப் பதினொன்றுக்குக் கொண்டுபோ என்று விரலால் தொட்டுக் காட்டுகிறேன். அவன் முகத்தில் பழைய வாத்தியார் எட்டிப் பார்க்கிறான். நீதான எழுதினே, நடுவுல அப்பிடிப் போடறவன் சோம்பேறின்னு, என்கிறான். எழுதினேன், அது ஊரான் புத்தகத்துக்கு, இந்த ஒன்றில் நான் சொன்னது தப்பு என்று நாளைக்கே என் பக்கத்தில் போடுகிறேன் என்கிறேன். பத்து ஆட்டத்துக்கு ஒன்றில் எல்லோரும் சும்மா வீட்டுக்குப் போய்விட்டால் ஆடுகிறவனுக்குச் சப்பென்று இருக்காதா என்கிறான். இருக்கட்டும் என்கிறேன். சப்பென்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கட்டும், கழுதையைக் கட்டட்டும், பிள்ளைகளுக்குக் கருப்பட்டி கொடுக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறேன், குரல் எனக்கே கொஞ்சம் உரக்கத்தான் கேட்கிறது. கிளமெண்ட் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். பதினொன்றுக்கு நேரே இருக்கிற மழையின் மேல் அவன் விரல் நிற்கிறது.

"அப்ப இதை எங்க போடறது?"

"ஒண்ணுல போடு."

"அது வராதே மங்கை. கணக்குத் தப்புன்னு படிக்கிறவங்க எழுதுவாங்க."

"எழுதட்டும். சரிபார்த்தது நான்னு எம்பேரைப் போடு. வராது. வர வேண்டாம்."

அவன் கணினியைத் தன் பக்கம் இழுக்கிறான்.